அனீலிங் செய்தபின் படிகம் சீராகிறது, மின்தடையும் கூடுகிறது: துத்தநாக ஆக்சைடு மென்படலம் பற்றி ஒரு கேள்வி

நெய்தல்:

அனைவருக்கும் வணக்கம். சோல்-ஜெல் முறையில் (கரைசலைப் பூசி, உலர்த்தி, சூடாக்கி ஆக்சைடாக்கும் முறை) துத்தநாக ஆக்சைடு மென்படலங்கள் செய்துவருகிறேன். துத்தநாக அசிடேட் டைஹைட்ரேட்டை 2-மெத்தாக்ஸி எத்தனாலில் 0.5 மோலார் செறிவில் கரைத்து, துத்தநாகத்துக்குச் சமமான மோல் அளவில் மோனோ எத்தனால் அமீன் சேர்த்து, 60 டிகிரியில் கலக்குகிறேன். மறுநாள் சாதாரண மைக்ரோஸ்கோப் கண்ணாடிச் சில்லுகளில் நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் பூசி, ஒவ்வொரு அடுக்கையும் 300 டிகிரிச் சூட்டுத் தட்டில் பத்து நிமிடம் உலர்த்துகிறேன். கடைசியாகக் குழாய் உலையில், காற்றில், ஒரு மணி நேரம் அனீலிங், அதாவது சூட்டில் வைத்துப் பதப்படுத்துதல். வெப்பநிலைகள் 400, 500, 600 டிகிரி செல்சியஸ்.

எக்ஸ்-கதிர் வரைபடம் எதிர்பார்த்தபடியே வருகிறது. 34.4 டிகிரிக்கு அருகில் உள்ள, படிகத்தின் சி-அச்சுக்குச் செங்குத்தான அணு அடுக்குகளைக் காட்டும் (002) முகடு உயர்ந்துகொண்டே போகிறது. அதன் அரை உயர அகலம், உலர்த்தியதோடு நிறுத்திய படலத்தில் 0.62 டிகிரி, 500 டிகிரியில் பதப்படுத்தியதில் 0.31. ஆனால் நான்முனை அளவியில் வைத்தால் மின்தடை எண் வெப்பநிலையோடு கூடுகிறது. 600 டிகிரிப் படலத்தில் கருவி அளவு காட்டவே இல்லை. படிகம் சீரானால் எலக்ட்ரான் எளிதாகப் போகும் என்றுதானே படித்தோம்?

"காற்றில் சூடாக்கியதால் ஆக்சிஜன் காலியிடங்கள் நிரம்பிவிட்டன, அதனால் எலக்ட்ரான் குறைந்தது" என்று எழுதிவிடச் சொல்கிறார்கள். காலியிடம் என்பது படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாமல் வெறுமையாக உள்ள இடம். இந்த விளக்கம் போதுமா? இன்னொன்று: 600 டிகிரியில் வைத்த சில்லுகள் லேசாக வளைந்திருக்கின்றன.

மணற்கேணி:

எங்கள் ஆய்வகத்தில் ஸ்பட்டரிங் முறை, அதாவது அயனிகளால் மோதி அணுக்களைப் பெயர்த்துப் படலமாகப் படியவைப்பது. எங்களுக்கும் இதே கதைதான். அலுமினியம் கலந்த படலம் பூசி எடுத்தவுடன் நன்றாகக் கடத்துகிறது. காற்றில் 400 டிகிரியில் வைத்து எடுத்தால் மின்தடை பல மடங்கு ஏறிவிடுகிறது. அதே படலத்தை வெற்றிடத்தில் சூடாக்கினால் இறங்குகிறது. ஆகவே வெப்பநிலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உலைக்குள் என்ன வாயு இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

உலைக்களம்:

நெய்தல், உங்கள் தரவில் முரண் எதுவும் இல்லை. எக்ஸ்-கதிர் பார்ப்பது படலத்தில் உள்ள சிறு படிகத் துகளின் உட்புறத்தை. மின்னோட்டம் ஒரு துகளிலிருந்து அடுத்ததற்குத் தாவியாக வேண்டும். சாலையை அகலப்படுத்திவிட்டு ஊருக்கு ஊர் சோதனைச் சாவடி வைத்தால் பயணம் விரைவாகாது. உங்கள் படலத்தில் சாவடிகள் துகள் எல்லைகள்.

காற்றில் உள்ள ஆக்சிஜன் துகள் எல்லைகளில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது துத்தநாக ஆக்சைடிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு எதிர்மின் அயனி ஆகிவிடுகிறது. எல்லையை ஒட்டிய பகுதியில் எலக்ட்ரான்கள் வடிந்து ஓர் ஆற்றல் தடுப்பு எழுகிறது. வாயு உணரிகளில் துத்தநாக ஆக்சைடு வேலை செய்வதே இந்த இயல்பால்தான்.

இதில் எத்தனை ஆழம் வடிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். கலப்படம் இல்லாத படலத்தில் எலக்ட்ரான் செறிவு கன சென்டிமீட்டருக்கு 10-இன் 17-ஆம் அடுக்கு என்று கொள்வோம். ஒப்பு மின்காப்பு மாறிலி 8.5. அறை வெப்பநிலையில் டிபை நீளம் (எலக்ட்ரான்கள் வடியும் ஆழத்தின் அளவுகோல்) ஏறத்தாழ 11 நானோமீட்டர் வருகிறது. உங்கள் துகள் 30 நானோமீட்டர் அளவுதான். இரண்டு பக்கமும் வடிந்தால் நடுவில் என்ன மிஞ்சும்? துகள் முழுவதுமே வறண்டுவிடுகிறது. அலுமினியம் கலந்து செறிவை 10-இன் 20-ஆம் அடுக்குக்குக் கொண்டுபோனால் அதே நீளம் அரை நானோமீட்டருக்கும் கீழே போய்விடும். அப்போது தடுப்பு மெல்லியது. எலக்ட்ரான் அதைச் சுரங்க வழியாகக் கடந்துவிடும். மணற்கேணியின் படலம் ஏறிய பிறகும் ஓரளவு கடத்துவதற்கும் உங்களுடையது அளக்கவே முடியாமல் போனதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

சில்லு வளைந்தது பற்றி: மைக்ரோஸ்கோப் சில்லு சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. 510 டிகிரிக்கு அருகிலேயே அதன் உள்தகைவு தளரத் தொடங்கிவிடும். 600 டிகிரிக்கு அது பொருத்தமான அடித்தளமே அல்ல. வளைவு கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத கேடு சோடியம். அந்தக் கண்ணாடியின் எடையில் 13, 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு. சூட்டில் சோடியம் அயனி படலத்துக்குள் ஏறும். துத்தநாகத்தின் இடத்தில் அது உட்கார்ந்தால் எலக்ட்ரானை ஏற்கும் மாசாக நடந்துகொள்ளும், அதாவது இருக்கும் எலக்ட்ரானையும் தின்றுவிடும். 600 டிகிரி விளைவை வெப்பத்தின் விளைவு என்று எழுதுவதற்கு முன் ஓர் உருக்கிய சிலிக்காச் சில்லில் அதே படலத்தைச் செய்து பாருங்கள்.

வடமராட்சி:

நெய்தல் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். "ஆக்சிஜன் காலியிடங்கள் நிரம்பிவிட்டன, எலக்ட்ரான் குறைந்தது." இந்த வரியை எழுத வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

துத்தநாக ஆக்சைடு இயல்பாகவே எலக்ட்ரான் வகைக் குறைகடத்தியாக இருப்பதற்கு ஆக்சிஜன் காலியிடங்களே காரணம் என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். ஜனோட்டி, வான் டி வால் இருவரும் 2005-இலும் 2007-இலும் வெளியிட்ட முதற்கோட்பாட்டுக் கணக்குகள் (குவாண்டம் இயற்பியலிலிருந்து நேராகச் செய்யும் கணக்குகள்) இதை உலுக்கிவிட்டன. காலியிடம் எலக்ட்ரானைக் கொடுக்கக்கூடியதுதான். ஆனால் அதன் ஆற்றல் மட்டம், எலக்ட்ரான்கள் தாராளமாக நகரும் கடத்துப் பட்டையிலிருந்து வெகு ஆழத்தில் இருக்கிறது. அறை வெப்பநிலை அதைப் பிடுங்கிக் கடத்துப் பட்டைக்கு ஏற்றாது. ஆழத்தில் பூட்டிக் கிடக்கும் எலக்ட்ரான் மின்னோட்டத்துக்கு உதவாது.

அப்படியானால் யார் கொடுக்கிறார்கள்? வான் டி வால் 2000-ஆம் ஆண்டிலேயே ஹைட்ரஜனைக் காட்டினார். பெரும்பாலான குறைகடத்திகளில் ஹைட்ரஜன் இரண்டு பக்கமும் சாயும், எலக்ட்ரானைக் கொடுக்கவும் செய்யும், ஏற்கவும் செய்யும். துத்தநாக ஆக்சைடில் அது எப்போதும் எலக்ட்ரான் கொடுப்பதாகவே நடந்துகொள்கிறது, அதுவும் ஆழமற்ற மட்டத்தில். சோல்-ஜெல் படலத்தில் ஹைட்ரஜனுக்கா பஞ்சம்? அசிடேட், அமீன், ஆல்கஹால், நீர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இடைவெளிகளில் தங்கும் ஹைட்ரஜன் மிதமான சூட்டிலேயே நகர்ந்து வெளியேறும். ஆக்சிஜனின் இடத்தில் அமரும் ஹைட்ரஜன் இன்னும் உறுதியானது. ஏறத்தாழ 500 டிகிரி வரை தாங்கும். நெய்தலின் படலம் எந்த வெப்பநிலையில் கைவிட்டதென்று பாருங்கள்.

ஆகவே காற்றில் அனீலிங் செய்யும்போது இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. எல்லைகளில் ஆக்சிஜன் ஒட்டுகிறது. உள்ளிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. இரண்டும் மின்தடையை ஒரே திசையில் தள்ளுகின்றன. எது எவ்வளவு என்று பிரிக்காமல் காலியிடத்தின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது இயற்பியல் ஆகாது.

மணற்கேணி:

அண்ணா, அப்படியென்றால் ஒளிர்வு நிறமாலையில் வரும் பச்சை? 500 முதல் 530 நானோமீட்டர் வரையில் வரும் அந்த அகன்ற பட்டையை எல்லோரும் ஆக்சிஜன் காலியிடம் என்றுதானே குறிக்கிறார்கள்? எங்கள் படலத்தில் 800 டிகிரிக்கு மேல் அது பலமாக எழுகிறது, 380 நானோமீட்டர் புற ஊதா முகடு ஒடுங்குகிறது.

வடமராட்சி:

குறிக்கிறார்கள், உண்மை. 1996-இல் வான்ஹூஸ்டன் குழுவினர் பச்சை ஒளியை ஒற்றை மின்னூட்டக் காலியிடத்தோடு தொடர்புபடுத்தினார்கள். அதன் பின் வந்தவர்கள் பெரும்பாலும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் துத்தநாகக் காலியிடமும் பச்சை தரும் என்று வாதிடுவோர் உண்டு. செம்பு மாசு பச்சை தரும் என்பதும் பழைய, வலுவான கருத்து. பச்சை கூடியது என்பது உங்கள் அளவீடு. காலியிடம் கூடியது என்பது ஒரு விளக்கம், அவ்வளவே. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உண்மைபோல் எழுதாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 800 டிகிரிக்கு எந்த அடித்தளம் வைத்திருக்கிறீர்கள்? சிலிக்கான் என்றால் இடைமுகத்தில் துத்தநாக சிலிகேட் உருவாகும் சூடு அது. நீலக்கல் என்றால் அலுமினேட் ஸ்பைனல். நீங்கள் துத்தநாக ஆக்சைடின் ஒளியைத்தான் அளக்கிறீர்களா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

மணற்கேணி:

சிலிக்கான்தான். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் புதிய முகடு எதுவும் இல்லை. ஆனால் இடைமுகத்தில் சில நானோமீட்டர் இருந்தால் அதில் தெரியாது என்பதும் புரிகிறது. குறுக்குவெட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாதிரி அனுப்பப்போகிறேன்.

நெய்தல்:

மிக்க நன்றி. ஹைட்ரஜன் பற்றி யாரும் சொல்லித்தந்ததில்லை. இன்னும் இரண்டு சந்தேகங்கள். முகட்டின் அகலத்திலிருந்து துகள் அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் 0.31 டிகிரிக்கு 27 நானோமீட்டர் வந்தது. அதை அப்படியே எழுதலாமா? அடுத்து, ஒளி உட்கவர்தலில் பட்டை இடைவெளி (எலக்ட்ரானைக் கடத்துப் பட்டைக்கு ஏற்றத் தேவையான ஆற்றல்) 300 டிகிரிப் படலத்தில் 3.29 எலக்ட்ரான் வோல்ட், 500-இல் 3.26. துகள் பெரிதானதால் குவாண்டம் அடைப்பு (மிகச் சிறு துகளில் எலக்ட்ரான் அடைபட்டு இடைவெளி விரிவது) குறைந்தது என்று எழுத நினைக்கிறேன்.

உலைக்களம்:

முதல் சந்தேகத்துக்குப் பதில்: எழுதக் கூடாது. எந்தக் கருவியும் தன் பங்குக்கு முகட்டை அகலப்படுத்தும். உங்கள் கருவியின் அகலம் 0.1 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். முகடு காஸ் வடிவம் என்று கொண்டு வர்க்கங்களைக் கழித்தால் துகள் 28 நானோமீட்டர். லோரன்ஸ் வடிவம் என்று கொண்டு நேராகக் கழித்தால் ஏறத்தாழ 40. ஒரே தரவு, ஒரே கணினி, இத்தனை வித்தியாசம்! முகட்டின் வடிவத்தைப் பொருத்திப் பார்த்துவிட்டு, எந்தத் திருத்தம் செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். திரிபும், அதாவது அணு அடுக்குகள் இடத்துக்கு இடம் நீண்டோ குறுகியோ இருப்பதும், முகட்டை அகலமாக்கும். அதைப் பிரிக்க 72.6 டிகிரிக்கு அருகில் வரும் (004) முகட்டையும் எடுங்கள். அது வலுக்குறைந்தது, பொறுமையாக மெதுவாக ஓட்ட வேண்டும்.

முகட்டின் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். (002) சரியாக 34.42-இல் இருந்தால் சி-அச்சு நீளம் 5.207 ஆங்ஸ்ட்ராம், தகைவற்ற படிகத்தின் மதிப்பு. ஸ்பட்டரிங் படலங்களில் இது 34.2 அளவுக்கு இறங்கியிருப்பது சாதாரணம். அங்கே கணக்கிட்டால் சி-அச்சு 5.239, அதாவது 0.6 சதவீத நீட்சி. துத்தநாக ஆக்சைடின் மீள்மாறிலிகளைப் போட்டால் படலத்தின் தளத்தில் ஏறத்தாழ 1.4 கிகாபாஸ்கல் அமுக்கத் தகைவு. பூசும்போது வந்து மோதும் அணுக்கள் அடித்து இறுக்கிய தகைவு அது. அனீலிங் அதைத் தளர்த்தும். முகடு வலப்புறம் நகரும்.

ஆனால் உலையிலிருந்து ஆறும்போது புதிய தகைவு வரும். சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் விரிவுக் கெழு கெல்வினுக்குப் பத்து லட்சத்தில் 9 அளவு, சிலிக்கானுக்கு 2.6. துத்தநாக ஆக்சைடு இரண்டுக்கும் இடையில். எனவே ஆறும்போது கண்ணாடி படலத்தை அமுக்கும், சிலிக்கான் அதை இழுக்கும். ஒரே கரைசல், ஒரே வெப்பநிலை, இரண்டு அடித்தளங்களில் எதிரெதிர்க் குறி. சிலிக்கானில் செய்தவருடைய முகட்டு நகர்வை உங்களுடையதோடு ஒப்பிட்டு "பிறர் முடிவோடு ஒத்துப்போகிறது" என்று எழுதுவது எனக்குப் பெரும் வருத்தம் தரும் பழக்கம். ஆய்வேடுகளைத் திருத்தும்போது இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வடமராட்சி:

குவாண்டம் அடைப்பு வேண்டாம். துத்தநாக ஆக்சைடில் எக்ஸைட்டானின் (எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் பிணைந்த இணை) போர் ஆரம், அதாவது அந்த இணையின் அளவு, 2 நானோமீட்டர்தான். உலர்த்தியதோடு நிறுத்திய படலத்தின் 13 நானோமீட்டர் துகளுக்கே அடைப்பு விளைவு புறக்கணிக்கத்தக்கது, 27-க்குச் சொல்லவே வேண்டாம். கடத்தும் எலக்ட்ரான்கள் மிகுந்ததால் இடைவெளி விரியும் பர்ஸ்டைன்-மாஸ் விளைவும் இங்கே பொருந்தாது. அதற்கு அலுமினியம் கலந்த படலத்தின் செறிவு வேண்டும்.

0.03 எலக்ட்ரான் வோல்ட் என்பது, பட்டை இடைவெளியைக் கணிக்கும் டாக் வரைபடத்தில் நேர்கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடிக்கிறோம் என்பதிலேயே தொலைந்துபோகக்கூடிய அளவு. எதிரொளிப்பையும் அளந்து கழித்தீர்களா? படலத்தின் தடிமன் அனீலிங்கில் சுருங்கியதைக் கணக்கில் எடுத்தீர்களா? இவற்றுக்குப் பிறகும் 0.03 மிஞ்சினால் திரிபு, பட்டை விளிம்பில் வால்போல் நீளும் ஒழுங்கற்ற மட்டங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். விளிம்பு செங்குத்தாகிறதா என்பது இடைவெளி எண்ணைவிட நம்பகமாகப் பேசும். அந்த வாலின் நீளத்தைக் காட்டும் உர்பாக் ஆற்றல் குறைந்திருந்தால் அனீலிங் ஒழுங்கைக் கூட்டியது என்று துணிந்து சொல்லலாம்.

கதிரொளி:

நான் சூரிய மின்கலத் துறையில் இருக்கிறேன். எங்களுக்கு 500 டிகிரி என்பது கனவு. செம்பு இண்டியம் காலியம் செலினைடு கலங்களில் மேல் சன்னலாக அலுமினியம் கலந்த துத்தநாக ஆக்சைடு போடுகிறோம். அதன் கீழே காட்மியம் சல்பைடு சந்தி இருக்கிறது. 200 டிகிரியைத் தாண்டினால் சந்தி கெடத் தொடங்கும். ஆகவே பூசும்போதே நல்ல படலமாக வர வேண்டும். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வாய்ப்பே இல்லை. நெகிழ் பிளாஸ்டிக் அடித்தளம் என்றால் இன்னும் இறுக்கம்; பாலியெஸ்டர் தாள் 150 டிகிரிக்கே சுருங்கும். அனீலிங்கின் உகந்த வெப்பநிலை எது என்று கேட்பவர்கள், எந்தப் பயனுக்கு என்று முதலில் சொன்னால் நல்லது. வாயு உணரிக்கு நெய்தலின் 500 டிகிரிப் படலம் அருமையான படலம். ஒளிபுகும் மின்முனைக்கு அது கழிவு.

நெய்தல்:

கதிரொளி, என் இலக்கு உணரிதான்! இதுவரை மின்தடை குறைய வேண்டும் என்றே எல்லோரும் சொன்னதால் அதைக் குறையாகவே பார்த்துவந்தேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். அதே படலத்தைக் காலையில் அளந்தால் ஓர் எண், பிற்பகலில் வேறு எண். தொடர்பு முனைகளுக்கு வெள்ளிப் பசை பூசியிருக்கிறேன்.

உலைக்களம்:

ஆய்வகத்தில் சன்னல் எந்தப் பக்கம்? பிற்பகல் வெயில் மேசையில் விழுந்தால் அதுவே போதும். புற ஊதா ஒளி எலக்ட்ரானையும் துளையையும் உண்டாக்குகிறது. துளை எல்லைக்குப் போய் அங்கே ஒட்டிய ஆக்சிஜனின் மின்னூட்டத்தை நீக்கிவிடுகிறது, ஆக்சிஜன் பறந்துபோகிறது, எலக்ட்ரான் மிஞ்சிக் கடத்துகிறது. ஒளியை நிறுத்தினாலும் ஆக்சிஜன் திரும்பி ஒட்டப் பல மணி நேரம் ஆகும். படலத்தை முதல் நாள் மாலையே இருட்டுப் பெட்டியில் வைத்து, பெட்டிக்குள்ளேயே அளவெடுங்கள். அறை ஈரப்பதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நீராவியும் எல்லையில் விளையாடும். வெள்ளிப் பசைக்குப் பதில் அலுமினியம் ஆவிப்பூச்சு கிடைத்தால் தடுப்பு இல்லாத நல்ல ஓம் தொடர்பு கிடைக்கும். தங்கம் வேண்டாம், அது தடுப்புத் தொடர்பாகிவிடும்.

ஒரு பாதுகாப்புச் சொல். 2-மெத்தாக்ஸி எத்தனால் கருவுறுதிறனையும் கருவையும் பாதிக்கும் கரைப்பான். புகை உறிஞ்சும் அறைக்குள் மட்டுமே கையாளுங்கள், சூட்டுத் தட்டும் உள்ளேயே இருக்கட்டும். எத்தனாலிலும் ஐசோபுரோப்பனாலிலும் இதே கரைசலைச் செய்யலாம். அமீன் இருந்தால் அசிடேட் கரைந்துவிடும். மாணவர்களைக் கையுறை இல்லாமல் இதைக் கலக்கவிடும் ஆய்வகங்கள் மாற வேண்டும்.

மணற்கேணி:

300 டிகிரி உலர்த்தலைத் தவிர்த்து நேராக 500 டிகிரி உலைக்குள் வைத்தால் நேரம் மிச்சமாகாதா?

உலைக்களம்:

மிச்சமாகும், படலம் போகும். கரைப்பானும் அசிடேட்டும் வெளியேறுவதும் படிகமாவதும் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டால் விரிசலும் துளையும் விழும். சி-அச்சு நிமிர்ந்து நிற்பதற்குப் பதில் (100), (101) முகடுகளும் கலந்து எழும். படிகமாகத் தொடங்குமுன் படலத்துக்குள் அணுக்கள் தளர்ந்து ஒழுங்குபட அவகாசம் வேண்டும். அதே சமயம் 200 டிகிரியோடு நிறுத்தினால் கரிமம் மிஞ்சிப் படலம் லேசாகப் பழுப்பாகும். 300 டிகிரியில் பத்து நிமிடம் என்பது அந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடம்.

நெய்தல்:

நைட்ரஜனில் 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயு பக்கத்து ஆய்வகத்தில் கிடைத்தது. காற்றில் 500 டிகிரி பார்த்த ஒரு படலத்தை அதில் 400 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தேன். மின்தடை மிகவும் இறங்கிவிட்டது. எக்ஸ்-கதிர் வரைபடத்தில் எந்த மாற்றமும் இல்லை! துகள் அதே அளவு, முகடு அதே இடம். ஆனால் இன்னொரு படலத்தை அதேபோல் வைத்தபோது பாதிதான் இறங்கியது. முதலாவதை உலை முழுவதும் ஆறிய பின் எடுத்தேன். இரண்டாவதை 250 டிகிரியில் திறந்துவிட்டேன்.

வடமராட்சி:

அருமை. துகள் மாறாமல் மின்தடை மட்டும் மாறியது என்பதே உங்கள் ஆய்வேட்டின் சிறந்த வரைபடமாக இருக்கும். படிகத்தரமும் கடத்துதிறனும் வெவ்வேறு காரணிகளுக்குக் கட்டுப்பட்டவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அடுத்ததாக அதே படலத்தைத் தூய நைட்ரஜனில் மட்டும் 400 டிகிரியில் வையுங்கள். அங்கே இறங்கும் அளவு எல்லை ஆக்சிஜன் விலகியதைச் சொல்லும். ஹைட்ரஜன் கலந்த வாயுவில் கூடுதலாக இறங்குவது பெரும்பாலும் ஹைட்ரஜன் உள்ளே போனதைச் சொல்லும். முழுப் பிரிப்பு அல்ல, ஹைட்ரஜன் எல்லையில் உள்ள ஆக்சிஜனையும் நீராக்கி விரட்டும். ஆனாலும் நல்ல தொடக்கம்.

உலைக்களம்:

250 டிகிரியில் திறந்ததுதான் வித்தியாசம். அந்தச் சூட்டில் காற்று பட்டால் ஆக்சிஜன் உடனே எல்லைக்குத் திரும்பிவிடும். 100 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை வாயு ஓட்டத்தை நிறுத்தாதீர்கள். ஹைட்ரஜன் கலந்த வாயுவில் வெப்பநிலையை 500-க்கு மேல் கொண்டுபோகவும் வேண்டாம். ஆக்சைடு துத்தநாகமாக ஒடுக்கப்பட்டு ஆவியாகிப் படலம் மெலியும். ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் "500 டிகிரியில் ஒரு மணி நேரம் அனீலிங்" என்று நிறுத்தாமல், வாயு, அதன் ஓட்ட அளவு, ஏறும் வேகம், ஆறும் வேகம், எந்த வெப்பநிலையில் உலையைத் திறந்தீர்கள், எத்தனை மணி நேரம் இருட்டில் வைத்து அளந்தீர்கள், அடித்தளம் எது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சிலிக்காச் சில்லு முடிவு வந்ததும் இங்கே பதியுங்கள். சோடியத்தின் பங்கு எவ்வளவு என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.